அபாகஸிலிருந்து அறிவியலுக்கு: சின்னக் குழந்தைகளை அழைத்துப்போக ஒரு முழுமையான வழிகாட்டி

அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே காட்சியை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். மேடையில் ஒரு குழந்தை நிற்கிறது. யாரோ மளமளவென்று பத்து எண்களை வாசிக்கிறார்கள். குழந்தையின் விரல்கள் காற்றில் அசைகின்றன, வாசித்து முடித்த மறு நொடி விடை வருகிறது. அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

பல ஆண்டுகளாக மணிச்சட்டத்தை வைத்துக் குழந்தைகளோடு உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்த வேகம் மட்டும் இருந்தால் குழந்தை அறிவியல் பக்கம் ஓர் அடிகூட நகராது. ஆனால் மணியை நகர்த்தும்போது வேறு சில பழக்கங்கள் கைக்கு வருகின்றன. ஓர் எண்ணைப் பல விதமாக உடைத்துப் பார்ப்பது, ஓர் இடம் நிரம்பினால் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது, ஒரு விதியை வரிசை மாறாமல் செய்வது, விடை தப்பினால் எங்கே தப்பியது என்று பின்னோக்கித் தேடுவது. ஆய்வுக்கூடத்திலும் கணினி முன்னாலும் பிறகு தேவைப்படப்போவது இவைதான். அங்கே போவதற்கான பாலத்தை நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். எப்படிப் போடுவது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

தொடங்கும் முன்: எதை எதிர்பார்க்கலாம்?

ஞாபகசக்தி பல மடங்கு கூடும், மூளையின் இரு பக்கமும் விழித்துக்கொள்ளும் என்றெல்லாம் விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். இந்தியாவில் 5 முதல் 7 வயதுக்குள் இருந்த 204 பள்ளிக் குழந்தைகளை வைத்து மூன்று ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2016-ல் வெளியாயின. குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் மன அபாகஸ் (சட்டத்தைக் கண்ணுக்குள் பார்த்தே கணக்குப் போடுவது) கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் கணக்குப் போடுவதில் மற்றவர்களைவிட முன்னுக்கு வந்தார்கள். நினைவாற்றல் போன்ற அடிப்படைத் திறன்களில் மட்டும் பயிற்சியால் மாற்றம் எதுவும் வரவில்லை. எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று நினைவில் வைக்கும் திறன் தொடக்கத்திலேயே நன்றாக இருந்த குழந்தைகளுக்கு மன அபாகஸ் சீக்கிரம் பிடிபட்டது.

எனக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும். அபாகஸ் குழந்தையை வேறு ஆளாக மாற்றிவிடாது, எண்களோடு நெருக்கமாக்கும். அந்த நெருக்கம் இருந்தால், அறிவியல் பாடத்தில் ஒரு பட்டியலைப் பார்த்ததும் பயந்து ஒதுங்காமல் உள்ளே போகும். அவ்வளவு கிடைத்தாலே பெரிய விஷயம்.

படி 1: சரியான சட்டம், சரியான வயது

சீன அபாகஸில் ஒரு கம்பிக்கு மேலே 5 மதிப்புள்ள 2 மணி, கீழே 1 மதிப்புள்ள 5 மணி. ஒரே கம்பியில் 15 வரை காட்டலாம். பழைய சீன எடைக் கணக்கில் 16 லியாங் சேர்ந்தது ஒரு ஜின். அதற்கு இந்த அமைப்பு தோதாக இருந்தது. (கணினிக்காரர்கள் 16-ன் அடிமானத்தில் எண்களை எழுதுவதைப் பின்னால் படிக்கும்போது, இது குழந்தைக்கு ஞாபகம் வந்தால் நல்லது.) சீன மணிச்சட்டக் கணக்கு முறையை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

குழந்தைகளுக்கு நான் கொடுப்பது ஜப்பானிய சொரோபான். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். அதற்கு மேலே 5 மதிப்புள்ள ஒரு மணி, கீழே 1 மதிப்புள்ள நான்கு மணிகள். ஒரு கம்பியில் 9-க்கு மேல் வைக்கவே முடியாது. நாம் எழுதும் எண்களிலும் ஓர் இடத்தில் 9-க்கு மேல் கிடையாது அல்லவா? அந்த விதியைக் கருவியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. 13 கம்பிச் சட்டம் போதும். மணி சற்றுப் பெரிதாக, நகர்த்தினால் ‘டக்’ என்று நிற்பதாக இருக்கட்டும். குறுக்குச் சட்டத்தில் மூன்று கம்பிக்கு ஒருமுறை ஒரு புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், அது பிறகு உதவும்.

வயதைவிட முக்கியம் ஒன்று: பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு 20 வரை தப்பாமல் எண்ணத் தெரிய வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது 5, 6 வயதில் வந்துவிடும். அதற்கு முன்னால் அவசரப்பட வேண்டாம். தினமும் 10 முதல் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதில் பயனில்லை.

படி 2: கூட்டாமல் மூன்று வாரம்

முதல் மூன்று வாரம் கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. எண்ணைச் சொன்னால் வைக்க வேண்டும், வைத்திருப்பதைப் பார்த்தால் படிக்க வேண்டும். கீழ் மணியை மேலே தள்ளக் கட்டைவிரல். கீழே இறக்கவும், மேல் மணியைத் தொடவும் ஆள்காட்டி விரல். இந்த விரல் ஒழுங்கை முதல் நாளே பிடித்துவிடுங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு.

4, 40, 44, 404 என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். 404 வைக்கும்போது நடுக்கம்பியை வெறுமனே விட வேண்டும். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றுதான் குழந்தை நினைத்திருக்கும். ஒன்றுமில்லாத அந்தக் கம்பிதான் இடப்பக்கத்து 4-ஐ நானூறாக நிறுத்தி வைக்கிறது என்பது விரலுக்குத் தெரியும்போது முகத்தைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. “இதே மூணு மணியை ஒரு கம்பி இடப்பக்கம் வச்சா என்ன ஆகும்?” உடனே செய்துபார்க்க விடாதீர்கள். முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு வைத்துப் பார்க்கட்டும். முன்கூட்டிச் சொல், செய்து பார், ஒப்பிடு. அறிவியல் சோதனையின் எலும்புக்கூடு இதுதான். மூன்று மணிகளை வைத்தே அதைப் பழக்கிவிடலாம்.

படி 3: மணி போதாத இடம்

வகுப்புகளில் இதை ‘சின்ன நண்பர்கள்’ என்பார்கள். 5-ஐ உருவாக்கும் ஜோடிகள்: 4-ம் 1-ம், 3-ம் 2-ம்.

4 வைத்துவிட்டு 3 கூட்டச் சொல்லுங்கள். கீழே இருந்த நான்கு மணியும் ஏற்கெனவே மேலே போய்விட்டன. ஒரு பெண் குழந்தை கம்பியை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, “மணி பத்தலை மிஸ்” என்றாள். இந்த இடத்தில்தான் பெரியவர்கள் கெடுத்துவிடுவோம். ‘அஞ்சு போடு, ரெண்டு எடு’ என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடும், யோசனையும் அங்கேயே நின்றுவிடும். நான் பேசாமல் இருந்தேன். அவள் மேல் மணியை இறக்கினாள். “இது அஞ்சு. மூணுதான் கேட்டீங்க. ரெண்டு கூடப் போச்சு.” சற்று நின்று, கீழிருந்து இரண்டு மணியைத் தள்ளிவிட்டாள். 7.

‘ரெண்டு கூடப் போச்சு’ என்ற அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை இருக்கிறது பாருங்கள். நேர்வழி இல்லை, அதனால் சுற்றுவழி எடுத்தாள், அதில் எவ்வளவு மிகை என்று கணக்கிட்டாள், மிகையைச் சரிக்கட்டினாள். இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க நம்மால் முடிந்தால், இதை ஒவ்வொரு குழந்தையும் ஏதோ ஒரு வடிவில் கண்டுபிடித்துவிடும்.

படி 4: பத்தின் நண்பர்கள், மனப்பாடத்தின் ஆபத்து

7-ஓடு 8 கூட்டுங்கள். கம்பியில் 8-க்கு இடமில்லை. 10-ஐ உருவாக்கும் ஜோடிகள் ‘பெரிய நண்பர்கள்’; 8-ன் பெரிய நண்பன் 2. இரண்டை எடுத்துவிட்டு, பக்கத்துக் கம்பியில் ஒரு பத்தை ஏற்றினால் 15.

6-ஓடு 7 இன்னும் சுவாரசியம். 7-ன் நண்பன் 3, ஆகவே 3 எடுக்க வேண்டும். ஆனால் 6 என்பது மேல் மணி ஒன்று, கீழ் மணி ஒன்று; கீழே மூன்று மணி இல்லை. அதனால் மேல் மணியை விடுவித்து, கீழே இரண்டு ஏற்றி, பத்தையும் ஏற்ற வேண்டும். 13. ஒரு விதிக்குள் இன்னொரு விதி. குழந்தைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். மாதக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும், இங்கே ஓட வேண்டாம்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ‘எட்டு கூட்ட, ரெண்டு கழி, பத்து கூட்டு’ என்று பாட்டுப்போல மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு பையன் 47-ஓடு 38-ஐக் கண்ணிமைப்பதற்குள் போடுவான். ஒருநாள், “85 புத்தகத்தைப் பத்துப் பத்தாக் கட்டினா எத்தனை கட்டு வரும், எத்தனை மிஞ்சும்?” என்று கேட்டேன். விழித்தான். அவன் கண் முன்னால் சட்டத்தில் எட்டும் ஐந்தும் அப்படியே நின்றுகொண்டிருந்தன. விரலுக்குப் போனது தலைக்குப் போகவில்லை. தவறு அவனுடையது அல்ல, நான் கற்றுக்கொடுத்த விதத்தில் இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு விதியையும் பொத்தான்களால் காட்டிவிட்டுத்தான் சட்டத்துக்கு வருகிறேன். பத்துக் கட்டங்கள் வரைந்த அட்டையில் 7 பொத்தான், பக்கத்தில் குவியலாக 8 பொத்தான். குவியலிலிருந்து மூன்றை எடுத்து அட்டையை நிரப்பினால் ஒரு பத்து முழுமையாகிறது, மிச்சம் 5. சட்டத்திலும் அதே 15தான். இரண்டு வழிக்கும் ஏன் ஒரே விடை என்று குழந்தை தன் வாயால் விளக்க முடிந்தால் அடுத்த கணக்கு. முடியாவிட்டால் இன்னொரு நாள் பொத்தான்.

படி 5: தப்பைத் தேடுவது

விடை தப்பினால் சட்டத்தைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து போடுவது குழந்தைகளின் வழக்கம். கலைக்க விடாதீர்கள். “எந்த எண் வரைக்கும் சரியா இருந்துச்சு?” என்று கேளுங்கள். ஐந்து எண்களின் கூட்டல் என்றால் ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் சட்டம் காட்டியதை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வரி வரை சரி, நான்காவதில் தப்பு என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

நிரல் எழுதுபவர்கள் நாள் முழுக்கச் செய்யும் வேலை இது. என் அனுபவத்தில், இந்தப் பழக்கம் வந்த குழந்தை தப்பு நேர்ந்தால் அழுவது குறைகிறது. தப்பு என்பது திட்டு வாங்கும் விஷயமாக இல்லாமல், எங்கேயோ ஒரு கம்பியில் உட்கார்ந்திருக்கும் பொருளாக ஆகிவிடுகிறது.

படி 6: இடமிருந்து வலம்

பள்ளியில் ஒன்றின் இடத்திலிருந்து, அதாவது வலமிருந்து கூட்டுகிறார்கள். அபாகஸில் பெரிய இடத்திலிருந்து தொடங்குகிறோம். குழப்பம் வரத்தான் செய்யும். ‘தாளில் ஒரு வழி, சட்டத்தில் ஒரு வழி, விடை ஒன்று’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இடப்பக்கத்திலிருந்து தொடங்குவதில் ஒரு லாபம் இருக்கிறது. 468-ஓடு 385 என்றால், முதல் அசைவிலேயே ‘எழுநூறுக்கு மேல்’ என்று தெரிந்துவிடுகிறது, அடுத்த அசைவில் எண்ணூறைத் தாண்டிவிடுகிறது. விடையின் அளவு முதலில், நுணுக்கம் பிறகு. ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் “சுமாரா எவ்வளவு வரும்?” என்று கேட்டுப் பழக்குங்கள். 853-க்குப் பதிலாக 8,530 என்று வந்தால் அந்தக் குழந்தைக்கு உடனே உறுத்தும். கால்குலேட்டரில் ஒரு பொத்தான் மாறி அழுத்தப்பட்டதைக் கண்டுபிடிப்பதும் இந்த உறுத்தல்தான்.

படி 7: அளந்து பார்த்தல்

இரண்டு இலக்கக் கணக்கு கைவந்ததும் அளவுகோலையும் கடிகாரத்தையும் உள்ளே கொண்டுவாருங்கள். இனி எண்கள் புத்தகத்திலிருந்து வர வேண்டாம், குழந்தை அளந்ததிலிருந்து வரட்டும்.

எனக்குப் பிடித்த சோதனை ஊசல். ஒரு நூலில் இரும்பு நட் ஒன்றைக் கட்டுங்கள். தொங்கும் நீளம் 50 செ.மீ. இருக்கட்டும். சிறிதளவு இழுத்துவிட்டு, 10 முறை போய்வர எத்தனை நொடி என்று பாருங்கள். 14 நொடிக்குக் கொஞ்சம் மேலே வரும். 14.2 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சொரோபானில் புள்ளி உள்ள கம்பியை ஒன்றின் இடமாக எடுத்துக்கொண்டால் அதற்கு வலப்பக்கம் தசமம். 14.2-ஐ வைத்து, எல்லா மணிகளையும் ஒரு கம்பி வலப்பக்கம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். 1.42. ஒருமுறை போய்வர ஆகும் நேரம் அது. படி 2-ல் கேட்ட அதே ‘ஒரு கம்பி நகர்த்தினால்’ கேள்விதான், இப்போது பத்தால் வகுத்தல் ஆகிவிட்டது.

நூலை 25 செ.மீ. ஆக்குங்கள். நீளம் பாதி ஆனதால் நேரமும் பாதியாகும் என்று குழந்தை சொல்லும். செய்து பார்த்தால் 10 வீச்சுக்குச் சுமார் 10 நொடி வருகிறது, 7 இல்லை. நட்டை இரண்டாக்கினால்? நேரம் ஏறக்குறைய மாறவே மாறாது. ஏன் என்று இந்த வயதில் விளக்க வேண்டியதில்லை. நினைத்தது ஒன்று, அளந்தது ஒன்று என்ற அந்த வியப்பு மனதில் தங்கினால் போதும்.

முளைவிட்ட செடியின் உயரத்தைத் தினமும் குறித்து, நேற்றையதைக் கழித்துப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. மீட்டர், சென்டிமீட்டர், மில்லிமீட்டர் மாற்றங்களையும் கம்பி நகர்த்தியே செய்யலாம்.

படி 8: ஒன்றுக்கு மேல் வைக்க முடியாத சட்டம்

ஒரு தாளில் ஐந்து கட்டம் வரைந்து, இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். ஒரு கட்டத்தில் ஒரு பொத்தான்தான் இருக்கலாம். விதி இதுதான்: ஒன்று கூட்ட வேண்டுமென்றால் வலக்கடைசிக் கட்டத்தைப் பார். காலியாக இருந்தால் பொத்தானை வை, முடிந்தது. பொத்தான் இருந்தால் அதை எடுத்துவிட்டு, இடப்பக்கத்துக் கட்டத்தில் இதே விதியைச் செய்.

அபாகஸ் பழகிய குழந்தைக்கு இதை விளக்கவே தேவையில்லை. அங்கே ஒரு கம்பி 9-ல் நிரம்பியது, இங்கே 1-லேயே நிரம்பிவிடுகிறது. 13 என்றால் 8, 4, 1 கட்டங்களில் பொத்தான். இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலைகளில் எந்த எண்ணையும் எழுதலாம் என்பதைக் கணினிப் பாடம் தொடங்கும் முன்பே விரல் தெரிந்துகொண்டுவிடுகிறது.

31 வரை எண்ண விடுங்கள். ஐந்து கட்டமும் நிரம்பியிருக்கும். இன்னொன்று கூட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போய்க் கடைசியில் தாளே காலி. “எல்லாம் காணாமப் போச்சு மிஸ்!” இடம் போதாமல் எண் வழிந்துபோவது கணினியிலும் நடக்கும் என்று சொல்லுங்கள். ஆறாவது கட்டம் வரையலாமா என்று குழந்தையே கேட்கும்.

படி 9: கூட்டியே கழித்தல்

இது 8, 9 வயதுக்கு மேல். 1642-ல் பிரான்சில் இளைஞரான பாஸ்கல் கணக்கு இயந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். அதன் சக்கரங்கள் ஒரே பக்கம்தான் சுழலும், கூட்ட மட்டுமே வரும். பிறகு எப்படிக் கழிப்பது?

52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். 27-ன் ஒவ்வோர் இலக்கமும் 9 ஆக எவ்வளவு வேண்டும்? 2-க்கு 7, 7-க்கு 2. ஆக 72. சட்டத்தில் 52 வைத்து 72 கூட்டுங்கள்: 124. நூறின் இடத்தில் உள்ள மணியை எடுத்து, ஒன்றின் இடத்தில் ஒன்று கூட்டுங்கள். 25. கழித்தல் முடிந்தது, ஆனால் நாம் கழிக்கவே இல்லை.

72 என்பது 99-லிருந்து 27 போனது. அதைக் கூட்டியதில் 99 மிகையாகச் சேர்ந்துவிட்டது. நூறை எடுத்து ஒன்றைப் போட்டால் அந்த 99 போய்விடுகிறது. ‘ரெண்டு கூடப் போச்சு’ என்று சொன்ன குழந்தை இதையும் பிடித்துவிடும், இரண்டும் ஒரே யோசனைதான். இன்றைய கணினிகள் கழிப்பதும் இதே தத்துவத்தில்தான்: ஒன்றுகளையும் பூஜ்யங்களையும் தலைகீழாக்கி, ஒன்று சேர்த்துக் கூட்டுகின்றன.

படி 10: நீ சொல், நான் இயந்திரம்

உங்களுக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-ஓடு 7 கூட்டும் விதத்தைக் குழந்தை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். எழுதியதை மட்டும், எழுதியபடியே செய்யுங்கள். ‘மணியைத் தள்ளு’ என்றிருந்தால் ஏதோ ஒரு மணியைத் தள்ளுங்கள். “அது இல்லம்மா!” என்று குழந்தை தலையில் அடித்துக்கொள்ளும். “நீ அப்படித்தானே எழுதியிருக்கே?” என்று தாளைத் திருப்பிக் காட்டுங்கள். மூன்றாவது திருத்தத்தில் ‘வலக்கடைசிக் கம்பியில் மேல் மணியை மேலே தள்ளு’ என்ற அளவுக்குத் துல்லியம் வந்துவிடும். திரையே இல்லாமல் நிரல் எழுதத் தொடங்கிவிட்டது.

மன அபாகஸ் பற்றி

படி 4 நன்றாக ஊறிய பிறகு போதும். சட்டத்தை மூடிவிட்டு, அதைக் கண்ணுக்குள் பார்த்துப் போடுவதுதான் மன அபாகஸ். பழகியவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் எண்களைச் சொற்களாக இல்லாமல் படமாகவே பிடித்து வைத்திருப்பது தெரிந்தது. அந்தப் படத்திலும் சுமார் மூன்று, நான்கு கம்பிகள் வரைதான் தெளிவாக நிற்கும். ஆகவே ஐந்து இலக்கத்தில் தடுமாறும் குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். விரலைக் காற்றில் அசைத்தால் அசைக்கட்டும், அடக்கினால் பலருக்குக் கணக்கே நின்றுவிடும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும், நிறுத்தும்போதும்

சேர்க்கும் முன் ஒரு வகுப்பை நேரில் பாருங்கள். ‘ஏன் அப்படி?’ என்று ஒரு மணி நேரத்தில் ஒருமுறையாவது ஆசிரியர் கேட்கிறாரா, நிறுத்துக் கடிகாரம் எத்தனை முறை வெளியே வருகிறது என்று கவனியுங்கள். எனக்குச் சான்றிதழ்களும் நிலைகளும் பெரிதாகப் படுவதில்லை.

1946 நவம்பரில் டோக்கியோவில் சொரோபானுக்கும் மின்சாரக் கணக்கு இயந்திரத்துக்கும் போட்டி நடந்தது. கியோஷி மத்சுஸாகி சொரோபானில் 4-1 என்று வென்றார். இயந்திரம் ஜெயித்த ஒன்று பெருக்கல். அன்றைக்கே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வேலை இருந்தது. குழந்தை பெரிய பெருக்கல்களுக்குக் கால்குலேட்டரை எடுக்க ஆரம்பித்தால் தடுக்காதீர்கள். “சுமாரா எவ்வளவு வரும்?” என்பதை மட்டும் முதலில் கேளுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் பலருக்குச் சலிப்பு வரும். அப்போது பயிற்சித் தாளை நிறுத்திவிடலாம். சட்டத்தை மட்டும் பரணில் போட்டுவிடாமல், அளவுகோலும் நூலும் நட்டும் இருக்கிற அதே பெட்டியில், கை எட்டும் உயரத்தில் வையுங்கள்.